கப்பல் தாமதத்துக்கு ரயிலில் அபராதமா?



சென்ற மாதம் பத்துபஸ்தியில் நடந்த நமது கூட்டத்தில், கொத்தனார் வேலை செய்யும் தோழர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து மேஜைமேல் வைத்தார். ரயில்வே கொடுத்த கூடுதல் கட்டண ரசீது அது. நான்கு பேருக்கு ஏறக்குறைய 2,600 ரூபாய். “நான் திருடனா, நீங்களே சொல்லுங்க” என்று கேட்டார். கூட்டம் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு இந்தத் தலையங்கத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நடந்தது இதுதான். பள்ளி விடுமுறைக்கு மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவருடன் ஊருக்குப் புறப்பட்டார். இரண்டு மாதம் முன்பே கப்பலுக்கு பங்க் டிக்கெட். கப்பல் சென்னை சேரும் நாளின் இரவுக்கு எழும்பூரிலிருந்து மதுரைக்கு ரயில் டிக்கெட். இரண்டும் ரொக்கம் கொடுத்து வாங்கியவை. கடல் கொந்தளிப்பால் கப்பல் ஒரு நாள் தாமதம். மறுநாள் மாலைதான் துறைமுகத்தில் இறங்கினார்கள். மூட்டை முடிச்சுகளோடு எழும்பூருக்கு ஓடி, அதே ரயிலில், அதே பெட்டியில் ஏறினார்கள். ரயில் எண் சரி, படுக்கை எண் சரி. தேதி மட்டும் நேற்றையது.

விழுப்புரம் வருவதற்குள் டி.டி.இ. வந்துவிட்டார். “என்னங்க, இது நேத்து டிக்கெட்.” “சார், கப்பல் லேட்டு சார்.” “கப்பல் லேட்டானா ரயில்வே என்னங்க பண்ணும்?” பேச்சு அவ்வளவுதான். தாயாரின் கண் சிகிச்சைக்கென்று கொண்டுபோன பணத்திலிருந்து அபராதம் எடுத்துக் கொடுத்தார். திரும்பி வரக் கப்பல் செலவுக்கு மச்சானிடம் கடன். கடன் கிடைத்துக் கப்பல் டிக்கெட் வாங்க ஒரு வாரம். இங்கே வந்து பார்த்தால் அவர் வேலையில் வேறு ஆளைப் போட்டு விட்டார் மேஸ்திரி.

ஒரு நாள் கடல் கொந்தளித்ததற்கு ஒரு தொழிலாளி கொடுத்த விலை இது. அவர் திருடர் அல்ல. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அவர் அந்த இரவு டிக்கெட் இல்லாத பிரயாணி. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக முடியும் என்பதை நம் மக்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் தீவுகளில் தண்டவாளம் கிடையாது. போர்ட் பிளேயரிலிருந்து (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) திக்லிப்பூர் வரை 240 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதாக 2017-இல் பேச்சு அடிபட்டது, பாதை வரவில்லை. ரயில் இல்லாத ஊரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு ரயில் சட்டம் தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் ‘தெரியாது’ என்ற சொல்லுக்கு எந்த டி.டி.இ.யிடமும் எந்த மாஜிஸ்திரேட்டிடமும் மதிப்பில்லை.

1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் இரண்டு வகையாகப் பிரித்துப் பேசுகிறது.

முதல் வகை, ஏமாற்றும் எண்ணம் இல்லாமல் சரியான டிக்கெட் இன்றிப் பிரயாணம் செய்வது. 138-ஆம் பிரிவு. இதில் பிரயாணக் கட்டணத்தோடு கூடுதல் கட்டணமும் வாங்குவார்கள். அந்தக் கூடுதல் கட்டணம் பிரயாணக் கட்டணத்துக்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது. முன்பு 50 ரூபாயாக இருந்த இந்தக் குறைந்தபட்சத்தை 2004-இல் 250 ஆக்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 ரூபாய் தூரத்துக்கு 350 ரூபாய் ஆகும், 300 ரூபாய் தூரத்துக்கு 600 ஆகும். நான்கு பேர் என்றால் நான்கால் பெருக்கிக் கொள்ளுங்கள். கொடுக்க முடியவில்லை என்றால் விஷயம் மாஜிஸ்திரேட்டிடம் போகும். அவர் கட்டச் சொல்லியும் கட்டாவிட்டால் 10 நாளுக்குக் குறையாமல் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம்.

இரண்டாம் வகை, ஏமாற்றும் எண்ணத்தோடு பிரயாணம் செய்வது. 137-ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தனிக் காரணம் இருந்தால் ஒழிய அபராதம் 500 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இது குற்றத் தீர்ப்பு. சர்க்கார் வேலைக்கு மனுப்போடும்போது “எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா?” என்ற கட்டத்தில் உண்மையை எழுத வேண்டி வரும். ‘வித்தவுட்’டில் போவதை விளையாட்டாக நினைக்கும் இளைஞர்கள் இந்தக் கட்டத்தை நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொன்று. எங்கே ஏறினீர்கள் என்பதில் சந்தேகம் வந்தால், ரயில் புறப்பட்ட முதல் ஸ்டேஷனிலிருந்து கட்டணம் கணக்கிடலாம்; வழியில் பரிசோதனை நடந்திருந்தால் அந்த இடத்திலிருந்து. விசாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி, ஹவுராவிலிருந்து வரும் ரயிலில் ஏறும் நம் ஆட்களுக்கு இது முக்கியம். ஏறக்குறைய 880 கிலோமீட்டர் நீங்கள் போகாத தூரத்துக்கும் பணம் கேட்கப்படலாம். அப்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி கப்பல் டிக்கெட். இறங்கியவுடன் அதைக் கிழித்துப் போடாதீர்கள். ஊர் போய்ச் சேரும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.

நம்மவர் விழும் குழிகள்

ரயில்வே கவுண்டருக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் நம் சங்கத்தில் உண்டு. அவர்கள் பார்த்தவரையில், பிடிபடும் ஏழைகளில் பெரும்பாலோர் ஏய்க்கப் புறப்பட்டவர்கள் அல்லர். டிக்கெட் கையில் இருக்கிறது என்று நம்பி ஏறியவர்கள். எந்தெந்த டிக்கெட் செல்லாது என்பதை இங்கே சொல்லி விடுகிறோம்.

தேதி தாண்டிய டிக்கெட் செல்லாது. காரணம் எதுவானாலும் செல்லாது.

எல்லாருமே வெயிட்டிங் லிஸ்டில் உள்ள இ-டிக்கெட், சார்ட் தயாரானதும் தானாக ரத்தாகிப் பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். அந்தத் தாளையோ போனையோ காட்டி ஏறினால் டிக்கெட் இல்லாமல் ஏறியதற்குச் சமம். கவுண்டரில் வாங்கிய வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் என்றால் முன்பதிவில்லாத பெட்டியில் மட்டுமே போகலாம். ஸ்லீப்பரில் ஏறக் கூடாது.

அடுத்தவர் பெயரில் உள்ள டிக்கெட் செல்லாது. இது மேஸ்திரிகளின் கீழ் வேலைக்குப் போகும் நம் இளைஞர்கள் மாட்டும் குழி. பத்து ஆளுக்கு மேஸ்திரி மொத்தமாக டிக்கெட் எடுக்கிறார். கடைசி நேரத்தில் ஒருவன் வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருவனை ஏற்றுகிறார். “யாராவது கேட்டா அவன் பேரைச் சொல்லு” என்கிறார். கேட்பது டி.டி.இ.; காட்ட வேண்டியது அடையாள அட்டை. மாட்டுவது பையன், மேஸ்திரி வேறு பெட்டியில் தூங்குகிறார். டிக்கெட்டைக் கைமாற்றுவதற்கு 142-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை உண்டு. அனுமதியின்றி டிக்கெட் வாங்கி விற்கும் தொழில் நடத்துகிறவருக்கு 143-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தாய், தகப்பன், உடன்பிறந்தவர், கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்கு மட்டும், புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே எழுதிக் கொடுத்து உறவுக்குச் சான்று காட்டினால் பெயர் மாற்றித் தருவார்கள்.

முன்பதிவில்லாத டிக்கெட்டிலும் நேரக் கணக்கு உண்டு. 199 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரம் என்றால், வாங்கியதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் அல்லது அடுத்து அந்தப் பக்கம் போகும் முதல் ரயிலுக்குள் பிரயாணத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். காலையில் வாங்கி வைத்து இரவில் ஏறுவது ஆபத்து.

பிள்ளைகளுக்கு ஐந்து வயது வரை டிக்கெட் வேண்டாம். ஐந்துக்கு மேல் பன்னிரண்டுக்குள் என்றால் படுக்கை வேண்டாதபோது அரை டிக்கெட். படுக்கை வேண்டுமானால் 2016 ஏப்ரல் முதல் முழு டிக்கெட். மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பழைய நினைவில் தாத்தா பாட்டிக்குக் குறைந்த கட்டணம் கணக்குப் போட்டுக்கொண்டு கவுண்டருக்குப் போய்த் திகைக்காதீர்கள்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

முதலில், மாட்டும் வரை காத்திருக்க வேண்டாம். டிக்கெட் செல்லாது என்று தெரிந்தால் ஏறுவதற்கு முன்பே பிளாட்பாரத்தில் கார்டையோ டி.டி.இ.யையோ பார்த்துச் சொல்லுங்கள். பின்னால் கட்டணம் செலுத்துவதாக ஒப்புக்கொண்டு அனுமதி பெற்று ஏறவும், அதற்குச் சான்று வாங்கவும் சட்டத்தின் 55-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. அந்தச் சான்று கையில் இருந்தால் கட்டணம் மட்டும்தான். கூடுதல் கட்டணம் கிடையாது. அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் கையில். மறுத்தால் ஏறாதீர்கள், கவுண்டருக்குப் போய் முன்பதிவில்லாத டிக்கெட் வாங்குங்கள். நின்றுகொண்டு போனாலும் மரியாதையோடு போகலாம்.

இரண்டாவது, பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் கையில் வைக்கும் நூறு ரூபாய் லஞ்சம். அது சர்க்காருக்கும் போகாது, உங்களையும் காப்பாற்றாது. அடுத்த ஸ்டேஷனில் வேறு பரிசோதகர் ஏறினால் நீங்கள் மறுபடியும் டிக்கெட் இல்லாதவர்தான். முறைகேடு நடந்தால் 139 என்ற எண்ணுக்குச் சொல்லலாம்.

மூன்றாவது, நம் தாய்மார்களுக்கு. டிக்கெட் இல்லாதவரை வண்டியிலிருந்து இறக்கிவிட அதிகாரம் உண்டு. ஆனால் ஆண் துணையில்லாமல் வரும் பெண்ணையோ குழந்தையையோ நினைத்த இடத்தில் இறக்கிவிட முடியாது. புறப்படும் ஸ்டேஷன், ஜங்ஷன், கடைசி ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர் ஸ்டேஷன் ஆகிய இடங்களில், அதுவும் பகலில் மட்டுமே இறக்கலாம் என்று 139-ஆம் பிரிவு சொல்கிறது. இரவில் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் “இறங்கு” என்றால், இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

‘வித்தவுட்’ வீரம் அல்ல

‘ரயில் மக்கள் சொத்து, நாமும் மக்கள், எதற்கு டிக்கெட்?’ என்று கேட்கும் இளைஞர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கும் ஒரு வார்த்தை.

உங்களிடம் டிக்கெட் கேட்கிறவரும் ஒரு தொழிலாளிதான். 1974 மே 8-ஆம் தேதி தொடங்கி மூன்று வாரம் நாடு முழுவதும் ரயில்களை நிறுத்திப் போராடிச் சிறைக்கும் வேலைநீக்கத்துக்கும் ஆளான வர்க்கம் அது. அவரோடு மல்லுக்கு நிற்பது போராட்டம் ஆகாது.

1893 ஜூன் 7-ஆம் தேதி இரவு தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் காந்தியை வண்டியிலிருந்து தள்ளினார்கள். அவர் கையில் செல்லத்தக்க முதல் வகுப்பு டிக்கெட் இருந்தது. அதனால்தான் குற்றம் முழுவதும் தள்ளியவர்கள் பக்கம் விழுந்தது. டிக்கெட் இல்லாமல் இருந்திருந்தால் அது வெறும் அபராத வழக்காகப் போயிருக்கும். நியாயம் கேட்கப் போகிறவனுடைய கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அதே நேரத்தில் நிர்வாகத்துக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. 2022–23-இல் டிக்கெட் இல்லாமலும் தவறான டிக்கெட்டோடும் பிடிபட்டவர்கள் நாடு முழுவதும் 3.60 கோடிப் பேர். வசூல் 2,200 கோடி ரூபாய்க்கு மேல். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி, அதில் பாதி என்று வையுங்கள். தலைக்குச் சராசரி 600 ரூபாய்க்கு மேல். இத்தனை கோடிப் பேரும் ஏமாற்றுக்காரர்கள் என்று யாராவது நம்புவார்களா? முன்பதிவில்லாத பெட்டியில் கால் வைக்க இடமில்லாமல் ஸ்லீப்பரில் ஏறியவர்கள் இதில் எத்தனை பேர்? வெயிட்டிங் லிஸ்ட் விதி தெரியாதவர்கள் எத்தனை பேர்? வசூலைக் கணக்குக் காட்டுகிறவர்கள் காரணத்தையும் கணக்கெடுக்க வேண்டும்.

நாம் கேட்பது என்ன?

இனி நம் கொத்தனார் தோழரின் கதைக்கு வருவோம். தவறு எங்கே நடந்தது? டி.டி.இ. விதிப்படி நடந்தார். கப்பல்காரர்கள் கடலை மீறி வர முடியாது. தோழர் இரண்டு டிக்கெட்டுக்கும் பணம் கொடுத்தார். கப்பலும் ரயிலும் ஒரே மத்திய சர்க்காரின் கீழ் ஓடினாலும், ஒன்றின் தாமதத்தை மற்றொன்று கண்டுகொள்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் நம் குடும்பங்கள் விழுகின்றன. 1,200 கிலோமீட்டர் கடல். ஏறக்குறைய மூன்று நாள் பிரயாணம். ஐப்பசி கார்த்திகையில் புயல். இந்தத் தாமதம் ஏதோ அபூர்வமாக நடப்பதல்ல.

இதைச் சரிசெய்ய முடியாதா? முடியும். முன்பு செய்திருக்கிறார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கிக்கொண்டு தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும், மறுபடி ரயிலில் கொழும்புக்கும் போனார்கள் நம் முன்னோர். போட் மெயில் என்று இன்றும் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்த ஏற்பாடு ஐம்பது ஆண்டு நடந்தது. அதே 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு, கடைசியில் காச்சல் தீவின் ரப்பர் தோட்டத்தில் வந்து சேர்ந்த குடும்பங்கள் நம்மோடு இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கப்பலும் ரயிலும் கைகோத்து ஓடிய காலத்தைச் சொல்வார்கள். அந்நியன் ஆண்ட காலத்தில், தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோகும் அவசரத்துக்காவது, ஒரே டிக்கெட் கொடுக்க முடிந்தது. சொந்த சர்க்காரால், சொந்த நாட்டுக்குள், சொந்தக் குடிமக்களுக்குக் கொடுக்க முடியாதா?

பழங்கதை வேண்டாம் என்றால் புதிய விதியையே எடுத்துக் கொள்ளலாம். 2019 ஏப்ரல் 1 முதல், தொடர்ச்சியான இரண்டு ரயில் பிரயாணங்களின் பி.என்.ஆர். எண்களை இணைத்துக்கொள்ளலாம். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது ரயில் தவறினால், போகாத பகுதியின் கட்டணம் பிடித்தம் இல்லாமல் திரும்பக் கிடைக்கும். ரயில் தாமதத்துக்குப் பிரயாணி பொறுப்பல்ல என்று ரயில்வே ஒப்புக்கொண்ட விதி இது. கப்பல் தாமதத்துக்கு மட்டும் பிரயாணி எப்படிப் பொறுப்பாவான்?

ஆகவே நமது கோரிக்கைகள்:

ஒன்று: தீவுக் கப்பல் பிரயாணத்தை ரயில் பி.என்.ஆரோடு இணைக்கும் வசதி வேண்டும். கப்பல் தாமதமானால் ரயில் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும்.

இரண்டு: தாமதமாக வரும் கப்பலில், வந்து சேர்ந்த நாளையும் நேரத்தையும் எழுதி முத்திரையிட்ட சான்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுக்க வேண்டும். அந்தச் சான்றைக் காட்டுகிறவர் தவறிய டிக்கெட்டோடு அடுத்த ரயிலின் முன்பதிவில்லாத பெட்டியில் போக அனுமதிக்க வேண்டும்.

மூன்று: கப்பல் வரும் நாளில் சென்னைத் துறைமுகத்திலேயே ரயில் டிக்கெட் கவுண்டர் திறக்க வேண்டும்.

நான்கு: செல்லும் டிக்கெட் எது, செல்லாத டிக்கெட் எது என்பதைக் கப்பலிலும் நம்மூர் ரயில் முன்பதிவுக் கவுண்டரிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளோடு கையெழுத்து இயக்கம் தொடங்குகிறோம். பத்துபஸ்தியில் தொடங்கி வீடு வீடாக வருவோம். கப்பல் தாமதத்தால் ரயிலைத் தவறவிட்டவர்கள், அபராதம் கட்டியவர்கள், ரசீதுகளைத் தேடி எடுத்து வையுங்கள். கொத்தனார் தோழரின் ரசீது முதல் ரசீதாக மனுவோடு போகும். ஒரு ரசீதை அதிகாரி ஒதுக்கி வைக்கலாம். நூறு ரசீதை ஒதுக்க முடியாது.

விதி மாறும் வரை ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கப்பல் சேரும் நாளுக்கே ரயிலைப் போடாதீர்கள். ஒரு நாள், மழைக்காலமானால் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். கப்பல் தாமதம் என்று நடுக்கடலில் தெரிந்தால், கரையில் உள்ள உறவினர் மூலம் ரயில் புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லுங்கள். கடைசி சில மணி நேரத்தில் ரத்து செய்தால் பணம் திரும்பாது. சென்னையில் ஓர் இரவு தங்கும் செலவு, நான்கு பேரின் அபராதத்தைவிடக் குறைவு.

கொத்தனார் தோழரே, நீங்கள் திருடர் அல்ல. உங்கள் கையில் இருந்தது நேற்றைய டிக்கெட். உங்களை ஏற்றி வந்ததும் நேற்றைக்கு வந்திருக்க வேண்டிய கப்பல்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் விதியை நாம் எல்லாரும் சேர்ந்து வாங்குவோம். அதுவரை டிக்கெட்டோடு போவோம், ரசீதோடு திரும்புவோம்.